குறுக்கீடு

லண்டனில் பத்துமணிச் செய்தி முடியும்போது
கருங்கலில் ரப்பர் வெட்டுகிறவர்கள்
தலைவிளக்கு மாட்டிக்கொண்டு மேடு ஏறுகிறார்கள்.
நான் ஹெட்போனை மாட்டுகிறேன்.
அங்கே பேசுவதை இங்கே தட்டச்சு செய்வது வேலை.
ஒலியின் நிமிடத்துக்குப் பதினான்கு ரூபாய்,
மௌனத்துக்கும் அதே விலை.

விதிகள் உண்டு.
ஒருவர் பேசும்போது இன்னொருவர் புகுந்தால்
அடைப்புக்குள் குறுக்கீடு.
கூட்டம் சிரித்தால் சிரிப்பு.
மூன்று முறை கேட்டும் பிடிபடாவிட்டால்
தெளிவாகக் கேட்கவில்லை.
இருமலை விட்டுவிடலாம்.

நேற்று ஒரு பெண் எம்.பி.
பிரசவ விடுப்புச் சட்டம் பற்றிப் பேச வந்திருந்தார்.
முதல் கேள்வி: இப்போது குழந்தை யாரிடம்?
சிரிப்பு, என்று அடித்தேன்.
அவர் சிரிக்கவில்லை.
அதற்கு விதியில் ஒரு சொல் இல்லை.

பிறகு பத்திரிகை அலசல்.
முதல் பக்கத்தில் ஒரு அமைச்சரின் செருப்பு.
அடுத்து அவர் சட்டையின் கழுத்துவெட்டு,
இறக்கமா, அளவா, அவையின் மரியாதை என்ன ஆவது
என்று நான்கு பேர், பதினொரு நிமிடம்.
நூற்று ஐம்பத்து நான்கு ரூபாய்.

இந்த மண்ணில்
மார்மேல் ஒரு முழத் துணி போட்டதற்கு
சந்தையில் வைத்துக் கிழித்தார்கள்,
வீடுகளைக் கொளுத்தினார்கள்.
முப்பது வருடத்துக்கும் மேல் நடந்தது அந்தச் சண்டை.
அது முடிகிற காலத்தில் அங்கே ஆண்டவள் ஒரு ராணி.
எங்களவர்கள் அவள் பெயரையும் நம்பினார்கள்.
அவள் ஊர்ப் பெண்ணுக்கோ
நாடாளுமன்றத்துக்கு ஓட்டே கிடையாது.
யார் யாருக்கு விடுதலை வாங்கித் தந்தது
என்று பள்ளியில் கேட்டிருந்தால்
எனக்கு மதிப்பெண் போயிருக்கும்.

இன்னொரு நிகழ்ச்சியில் ஒருத்தி,
பக்கத்து நாற்காலி ஆணைவிடத்
தனக்குச் சம்பளம் குறைவென்று
ஆதாரத்தோடு பேசினாள். நன்றாகப் பேசினாள்.
ஒரு பிழையில்லாமல் அடித்துக் கொடுத்தேன்.
அவளை அடித்துக் கொடுத்தவளுக்கு என்ன கூலி
என்பதற்கு அந்த அரைமணியில் இடமில்லை.
அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை.
கொஞ்சம் உண்டு.

விடிந்ததும் கிறிஸ்டல் பாய் வந்தாள்.
ஒன்பதாம் வார்டு. தன் கையெழுத்தைத்
தானே போடுகிற உறுப்பினர்.
"பிள்ளே, நேத்து கூட்டத்துல பேசினத
எனக்க போன்ல பிடிச்சு வச்சிருக்கேன்.
வெள்ளக்காரிக்கு அடிக்கியது போல
இதையும் அடிச்சுத் தா.
மினிட் புக்குல ஒற்ற வரிதான் கிடக்கு,
விவாதத்துக்குப் பின் ஒத்திவைக்கப்பட்டதுன்னு."

சந்தையில் மீன் விற்கும் பெண்களுக்கு ஒரு கழிப்பறை.
அவ்வளவுதான் தீர்மானம்.
ஆறு நிமிடம் இருபது நொடி,
அதில் அவள் குரல் ஒன்றரை நிமிடம்.
அதே விதிகளைப் போட்டேன்.
குறுக்கீடு.
குறுக்கீடு.
வீட்டுக்காரர அனுப்பும்மா, அவரு பேசட்டு.
சிரிப்பு.
தண்ணி கொஞ்சமா குடிச்சா போராதா?
சிரிப்பு, நெடுநேரம்.
குறுக்கீடு.
இதற்கப்புறம் அடைப்புக்குள் பெயரையும் சேர்த்தேன்,
வார்டு எண்ணோடு.
விதியில் அது இல்லை.

கடைசியில் ஒரு இடம்.
தலைவர், "இரியம்மா, இரி" என்கிறார்.
நாற்காலி இழுபடுகிறது, வெளியே பஸ் ஹாரன்,
அதற்கடியில் அவள் ஏதோ சொல்கிறாள்.
மூன்று முறை ஆயிற்று.
நாலு. ஒன்பது.
அடுப்பில் கிழங்கு குழைந்துபோனது.
பதினேழாவது முறை
ஹாரனுக்குக் கீழே இரண்டு சொல் கிடைத்தன:
இரிக்க மாட்டேன்.

அடைப்பில்லாமல் அடித்தேன்.

சந்தை முக்கு ஜெராக்ஸ் கடையில்
அறுபது பிரதி கேட்டோம்.
கடைக்காரர் பதினொன்றாம் வார்டு,
நாலாவது குறுக்கீடு அவருடையது.
நின்றபடியே வாசித்தார்.
பிறகு மெஷினைப் போட்டுவிட்டு,
பக்கத்துக்கு இரண்டு ரூபாய் என்றார்.